ஹங்கேரிக்காரர் தேங்காய் உடைத்த வருடம்

அந்த வருடங்களில் குளிர்ச்சட்டைகூட இல்லாமல் டென்மார்க்கில் வந்து இறங்கிய பெண்பிள்ளைகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இப்போது நாங்கள் யாரும் பிள்ளைகள் இல்லை. முழங்கால் நோகிறது. சிலருக்குப் பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். உங்களுக்கென்றால் நீட்டி விளக்கத் தேவையில்லை.

இக்காஸ்ட் ஊரில் இருந்தவர்களுக்கு ஹங்கேரிக்காரரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலையில் அவர் என் அப்பாவோடு வேலை செய்தார். அப்போது ஐம்பது வயது இருக்கும். ஆள் கட்டை. கால் இரண்டும் வளைவு. பார்த்தால் பந்து விளையாடிய மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஊர் முழுக்க அதைத்தான் சொன்னது.

இருபது வயதில் தன் நாட்டுக்காக இரண்டு ஆட்டம் ஆடியவர். மூன்றாவது ஆட்டத்துக்கென்று வெளிநாடு போயிருந்த நேரம் அவருடைய ஊருக்குள் ரஷ்யத் தாங்கிகள் புகுந்தன. அவர் திரும்பிப் போகவில்லை. ஆஸ்திரியாவில் ஒரு முகாம். பிறகு டென்மார்க். கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு சோடி பூட்ஸ். இக்காஸ்டில் வேலை கொடுத்தார்கள். கிழமை நாளில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கழகத்துக்கு ஆட்டம்.

கழகம் அப்போது அடியில் கிடந்ததாம். அவர் வந்தபிறகு மேலே ஏறியது. ஞாயிற்றுக்கிழமையில் பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் சைக்கிளில் வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்குமாம். இதெல்லாம் நான் பேக்கரியில் கேட்டது. பேக்கரிக்காரரும் ஒரு கிழவரும் எப்போதும் ஒரே கோலைப் பற்றித்தான் வாக்குவாதப்படுவார்கள். மூலையிலிருந்து இடது காலால் அடித்த பந்து ஒருவர் காலிலும் படாமல் நேரே உள்ளே போனதாம். அன்று காற்று அடித்தது என்பார் கிழவர். இலைகூட அசையவில்லை என்பார் பேக்கரிக்காரர். ஹங்கேரிக்காரர் பக்கத்தில் நின்று பாண் வாங்குவார். அவரை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

முப்பத்து நாலு வயதில் முழங்கால் போய்விட்டது. அதோடு ஆட்டம் முடிந்தது. பெயர் முடியவில்லை. வரிசையில் நின்றால் முன்னால் விடுவார்கள். தபால்காரர் மணி அடித்துவிட்டுப் போவார். கழகத்து மண்டபச் சுவரில் அவருடைய படம் இருந்தது. பதினொரு பேரும் சேற்றில் குளித்தமாதிரி நிற்பார்கள், இவருடைய தலைமயிர் மட்டும் வாரிவிட்டபடி இருக்கும். முப்பது வருடம் இருந்தும் அவருடைய டேனிஷ் முறிந்த டேனிஷ்தான். அதையும் சனம் விரும்பியது. அவரைப்போலப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அவருடைய வீட்டுக்கு யார் போய்வருவார்கள் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அப்பா எங்கள் ஊரில், யாழ்ப்பாணத்தில், கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். தெருவில் இறங்கினால் பத்துப் பேர் கதைப்பார்கள். இங்கே வந்த பிறகு ஒருவரும் இல்லை. நகத்தில் சாயம் மட்டும். ஒரு கிழமை நீலம், ஒரு கிழமை சிவப்பு. அவருடைய நகத்தைப் பார்த்து அடுத்த வருடம் கடையில் என்ன நிறச் சட்டை வரும் என்று நாங்கள் சொல்லிவிடுவோம். வேலை விட்டு ஹங்கேரிக்காரரோடு நடந்து வந்தால் சனம் இரண்டு பேருக்கும் தலையசைக்கும். அப்பா நிமிர்ந்து நடப்பார். நான் யன்னலால் பார்த்திருக்கிறேன். தனியே வரும்போது அப்படி நடக்கமாட்டார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடந்தது. வந்து ஒரு வருடம். இடதுகைக்காரி. அதற்கு ஊரில் வாங்கிய அடி கொஞ்சமில்லை. இடது கையால் சோறு அள்ளினால் அம்மா அகப்பைக் காம்பால் தட்டுவா. எழுதினால் ரீச்சர் தட்டுவா. காலைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஹங்கேரிக்காரர் கவனித்தார். வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் தமிழ் ஆண்கள், கழக மைதானத்தின் ஓரத்தில் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பெண்பிள்ளைகள் கரையில் குந்தியிருந்தோம். அவர் ஒரு தள்ளுவண்டியால் மைதானத்துக்கு வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். பந்து என்னிடம் உருண்டு வந்தது. எழும்பித் திருப்பி அடித்தேன். அவ்வளவுதான். அவர் வண்டியை நிறுத்திவிட்டார். கோடு அந்த இடத்தில் தடித்துப்போய்க் கிடந்தது.

திங்கட்கிழமை சாயத்தொட்டியடியில் வைத்து அப்பாவிடம் சொன்னாராம்: "உன் மகள். இடது கால். செவ்வாய், ஐந்து மணி."

அப்பா வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"பொம்பிளைப் பிள்ளையைப் பந்தடிக்கவோ?"

"இஞ்ச எல்லாப் பிள்ளையளும் அடிக்குதுகள்தானே."

"எல்லாப் பிள்ளையளும் காற்சட்டையோடயும் நிக்குதுகள்."

"நீட்டுக் காற்சட்டை போடட்டும். அந்தாள் கேட்டால் எப்பிடியப்பா இல்லை எண்டுறது? ஊரே எழும்பி நிக்கிற மனிசன்."

அப்படித்தான் நான் போனேன். அம்மா நாவல் நிறத்தில் ஒரு நீட்டுக் காற்சட்டை தைத்தா. துணி தொழிற்சாலையிலிருந்து வந்தது, சாயம் பிழைத்த துணி. அதற்கு மேல்தான் கழகத்துக் கட்டைக் காற்சட்டை போடவேண்டும். டேனிஷ் பிள்ளைகள் முதல் நாள் பார்த்தார்கள். இரண்டாம் நாள் பார்க்கவில்லை.

அவர் அதிகம் சொல்லித்தரமாட்டார். பந்தை அனுப்புவார், நான் திருப்பி அனுப்பவேண்டும். நூறு தரம். கதை இல்லை. சரியாகப் பட்டால் "ம்" என்பார். பிழைத்தாலும் "ம்" தான், ஆனால் வேறு "ம்". எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். என்னை இடது ஓரத்தில் விட்டார். அங்கே நின்றால் மைதானம் முழுக்க என் வலப்பக்கம் கிடக்கும். வெட்டிய புல் மணம், தூரத்தில் பன்றிப்பண்ணை மணம், காதுக்குள் காற்று. பந்து வரும் என்று தெரிந்து ஓடுவது. வந்துவிட்டது என்று கால் சொல்வது. இன்றைக்கும் என்னால் அதை யாருக்கும் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. உங்களில் யாராவது விளையாடியிருந்தால் தெரியும். ஆனால் எங்களில் யாரும் தொடர்ந்து விளையாடவில்லை.

அந்தக் கோடைதான் டென்மார்க் முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போனது. ஊரெல்லாம் சிவப்பும் வெள்ளையும். ஹங்கேரியும் போனது. டென்மார்க் ஆடும் நாளில் வந்து பாருங்கள் என்று அவரைப் பாதி ஊர் கூப்பிட்டிருந்தது. தன் நாடு ஆடும் நாளில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூப்பிடாமலே. கையில் ஒரு பை சிவப்புத் தூள். அவர்களுடைய நாட்டு மிளகாய்த்தூள். அதில் காரமே இல்லை.

ரஷ்யாவோடு ஆட்டம். ஆறு கோல் வாங்கினார்கள். இவர்கள் ஒன்றும் அடிக்கவில்லை. நாலாவது விழுந்தபோது அப்பா எழும்பி ரீவியை நிறுத்தப்போனார். அவர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். முடியுமட்டும் பார்த்தார். அம்மா வடை சுட்டுக்கொண்டு வந்து வந்து வைத்தா. அவர் போனபிறகு அம்மா தட்டைப் பார்த்துச் சொன்னா, "ஆறு கோலுக்கு ஏழு வடை. பாவம் மனிசன்."

அப்பா சொன்னார்: "அந்தாளுக்கென்ன பாவம். தெருவில நிண்டு கைதட்டினால் அரைவாசிச் சனம் ஓடிவரும். எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

எனக்கும் அப்போது அது சரியென்றுதான் பட்டது.

ஆகஸ்டில், பள்ளிக்கூடம் தொடங்கின கிழமை, நான் பெரியபிள்ளையானேன். அடுத்தது உங்களுக்குத் தெரியும். அறைக்குள் ஒரு பாய், தனிக் கோப்பை, காலையில் பச்சை முட்டை. நல்லெண்ணெய் கிடைக்காமல் சோள எண்ணெயைத் தந்தார்கள். கத்தரிக்காய் ஜெர்மனியிலிருந்து வந்தது. செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு நான் யன்னலோரம் நிற்பேன். மைதானம் தெரியாது. விசில் மட்டும் கேட்கும்.

"எங்கே இடது கால்?" என்று அவர் தொட்டியடியில் கேட்டாராம். அப்பா, "வருத்தம்" என்று சொல்லியிருக்கிறார். நோய்க்கு டேனிஷ் சொல் அப்பாவுக்குத் தெரியும்.

ஒக்டோபரில் கடைசி ஆட்டம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு. அந்த வருடம் முழுக்க நாங்கள் ஓடினது அதற்குத்தான். என்னை விடுவார்களா என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்கிற பழக்கம் இல்லை. ஆனால் அறைக்குள் கிடந்து அதைத்தான் நினைத்தேன்.

சாமத்தியவீட்டுச் சடங்கை ஊரைக் கூட்டிச் செய்வதென்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தை எடுத்தார்கள். ஒரு குறை. தாய்மாமன் இல்லை. அம்மாவின் ஒரே தம்பி யாழ்ப்பாணத்தில். கடிதமே வராத காலம். தேங்காய் உடைக்கவும் பால் வார்க்கவும் மாமன் முறைக்கு ஒருவர் வேண்டும்.

அப்பா ஹங்கேரிக்காரரின் பெயரைச் சொன்னார்.

மேல்மாடி மாமியும் அப்போது குசினியில் இருந்தா. சொந்தமில்லை, மேல்மாடியில் இருந்ததால் மாமி. எங்களுக்கு முதலே வந்தவ. அதனால் எல்லாவற்றிலும் அவவுக்கு ஒரு சொல் இருக்கும்.

"மாமன் முறைக்கு வெள்ளைக்காரனோ?" என்று அம்மா கேட்டா.

"முறை என்ன முறை," என்றா மாமி. "தேங்காயைச் சரிபாதியா உடைச்சால் காணும். எங்கட ஆக்களில ஒருத்தரைப் பிடிச்சால் மற்றவன் கோவிப்பான். இவரெண்டால் ஒருத்தனும் வாய் திறக்கான்."

"வீடியோவிலயும் நல்லா இருக்கும்," என்றார் அப்பா.

அவரிடம் போய்க் கேட்க அப்பாவுக்கு டேனிஷ் போதாது. என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பல்வைத்தியரிடமும் கொம்யூன் என்ற நகரசபைக் கந்தோரிலும் நான்தானே அப்பாவுக்கு வாய். அவருடைய வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே ஒரு மேசை, ஒரு கதிரை. மற்றக் கதிரையைக் கண்ட ஞாபகம் இல்லை.

எனக்கு வெட்கம். வயதுக்கு வந்துவிட்டேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் சொன்ன பொய்யைத்தான் சொன்னேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். கொன்பிர்மேஷன் என்றேன். டேனிஷ் பிள்ளைகளுக்கு இந்த வயதில் தேவாலயத்தில் செய்வது. வெள்ளைச் சட்டை, விருந்து, பரிசு. எங்களுக்கும் அப்படி ஒன்று, நீங்கள் மாமாவாக வரவேண்டும் என்று சொன்னேன்.

அவருடைய முகம் வெளித்தது.

"அப்படியென்றால் நீ இனிப் பெரிய ஆள்," என்றார். "பெரிய ஆள் தானே முடிவெடுக்கலாம். நல்லது. மாமா என்ன செய்யவேண்டும்?"

"தேங்காய் உடைக்கவேண்டும்."

"தலையாலா?"

நான் சிரித்தேன்.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

"வாறாராம்."

மற்றதை நான் தமிழில் சொல்லவில்லை.

அன்றைக்குக் காலையில் எங்கள் குளியலறையில்தான் தண்ணீர் வார்த்தார்கள். அறுகம்புல்லுக்கு எங்கே போவது? அப்பா மைதானத்து ஓரத்திலிருந்து ஒரு பிடி புல் பிடுங்கி வந்திருந்தார். ஹங்கேரிக்காரர் கோட்டுக்கு மேல் சால்வையோடு நின்று, பாலையும் புல்லையும் என் தலையில் மூன்று தரம் வைத்தார். மாமி கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தா. பால் குளிர்சாதனப் பெட்டிப் பால். கண்ணுக்குள் வழிந்தது. தேங்காயை ஒரே அடி. சரிபாதி.

"எங்கட மனிசரைவிடத் திறம்," என்றா மாமி. "என்ர மனிசன் அடிச்சால் மூண்டாய்ப் போகும், விரலும் சேர்த்து."

மத்தியானம் மண்டபம். எனக்குக் கூறைச்சேலை, ஒட்டுப்பின்னல், இரவல் நகை. நிலத்தில் விளையாட்டுக்குக் கீறிய மஞ்சள் கோடுகள். அதற்கு மேல் கம்பளம் விரித்து மேடை. குத்துவிளக்கு. பழத்தட்டு, பலகாரத்தட்டு, பூத்தட்டு. எல்லோரும் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டிருந்தார்கள். அவரும் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்றார். சனம் அவரோடு வரிசையில் நின்று படம் எடுத்தது. என்னோடு எடுத்ததைவிடக் கூட. அப்பா ஒவ்வொருவரையும் கூட்டி வந்து காட்டினார். "எங்கட மாமா. நாட்டுக்கு விளையாடினவர்."

ஆராத்திக்கு முதல் மாமன் தன் சீரைக் கொடுக்கவேண்டும் என்று மாமி சொன்னா. அவர் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். நீலக் கடதாசி சுற்றியிருந்தது. மற்றவர்கள் செய்வதைப் பார்த்து அவரும் அதை விளக்கின் முன்னால், பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சேலையாக இருக்குமென்று அம்மா எல்லோருக்கும் தெரியப் பிரித்தா.

பூட்ஸ். புதுசு. கறுப்புத்தோல், வெள்ளைக் கயிறு, அடியில் குமிழ். தோல் மணம் சாம்பிராணிக்கு மேலால் வந்தது.

விளக்கடியில் சப்பாத்து. பின்வரிசையில் ஒரு சின்னப்பிள்ளை மட்டும் வடை கேட்டு அழுதது.

"ஐயோ, எடுங்கோ அதை," என்று அம்மா வாய்க்குள் சொன்னா. மாமிதான் நிலைமையைப் பிடித்தா. "மாமன் தந்ததை முதல் போடத்தான் வேணும். சேலைக்கு நல்லாத்தான் இருக்கும்." சனம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிரித்தபடி பெட்டியை மூடி, மேடைச் சீலைக்குக் கீழே காலால் தள்ளிவிட்டார்.

ஹங்கேரிக்காரர் சிரிக்கவில்லை. அவர் பெட்டி போன இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்து டேனிஷில் கேட்டார்:

"சனிக்கிழமை கடைசி ஆட்டம். பத்து மணிக்கு. அவள் வருவாளா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் தமிழில் சொன்னேன். வீடியோக்காரர் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வருவாள் எண்டு சொல்லு," என்றார் அப்பா.

"உண்மையா நான் போகலாமோ அப்பா?"

"சபையில வைச்சு என்ன கேள்வி, பிள்ளை? வருவாள் எண்டு சொல்லு."

உங்களுக்கும் அந்தக் குரல் தெரியும். முகத்துக்கு நேரே ஒருவருக்கும் இல்லை என்று சொல்லாத எங்கள் ஆட்களின் குரல். சாப்பிட வாங்கோ என்றால், வாறம் என்பார்கள். வரமாட்டார்கள். நான் அதைத்தான் கேட்டேன் என்று நினைத்தேன்.

"வருவேன்," என்றேன் டேனிஷில். அவர் "ம்" என்றார். சரியாகப் பட்டால் சொல்லும் "ம்".

மண்டபத்தைக் கூட்டித் துடைத்துச் சாமான் ஏற்றியபோது பெட்டியைக் காணவில்லை. குப்பையோடு போனதோ, யாரும் எடுத்தார்களோ, தெரியாது. நான் அதற்குள் கால் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. வீடியோவில் மட்டும் இருந்தது. அந்தக் கசெற்றும் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது.

அந்தக் கிழமை யாரும் ஆட்டத்தைப் பற்றிக் கதை எடுக்கவில்லை. புதன்கிழமை மாமி வந்திருந்தா. நான் அறைக்குள். மாமி அப்பாவிடம் சொன்னது கேட்டது: "இனி மைதானம் கீதானம் எண்டு விட்டிடாதை தம்பி. நாலு சனம் கதைக்கும்." அப்பா, "ம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். முடிவு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மணி அடித்தது. வழமையில் பிள்ளைகள் தாங்களாகத்தான் மைதானத்துக்குப் போவார்கள். அன்றைக்கு அவர் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பின்சீற்றில் மூன்று பிள்ளைகள். படியேறி வந்ததில் முழங்காலைப் பிடித்தபடி வாசலில் நின்றார். கதவைத் திறந்தது அப்பா. நான் அப்பாவுக்குப் பின்னால்.

"தயாரா?" என்று கேட்டார்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். கொம்யூனிலும் வைத்தியரிடமும் அப்படித்தான் பார்ப்பார். நீயே ஏதாவது சொல்லிச் சமாளி என்று அர்த்தம். சபையில் வருவாள் என்று சொன்ன மனிதர், இப்போது அந்தப் பெரிய ஆளின் முகத்துக்கு இல்லை என்று எப்படிச் சொல்வார்? வருத்தம் என்று சொல்லலாம். ஆனால் நான் எழும்பி நிற்கிறேன். அப்பாவைப் பொய்யனாக்க எனக்கு மனம் வரவில்லை.

"எனக்கு இனி விருப்பமில்லை," என்றேன் டேனிஷில்.

அவர் முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

"இது நீ சொல்வதா, அவர்கள் சொல்வதா?"

"நான்."

"கால் நோகிறதா?"

"இல்லை. விருப்பமில்லை."

அவர் தலையசைத்தார். கையை நீட்டினார். பெரிய ஆட்களுக்குக் கொடுப்பதுபோல எனக்குக் கை கொடுத்தார். "கொன்பிர்மேஷன் முடிந்தவள். நீயே சொன்னால் சரி," என்றார். அப்பாவுக்கும் கை கொடுத்தார். ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே காரின் எஞ்சின் கன நேரம் ஓடியபடி நின்றது. பிறகு போனது.

அப்பா கதவைச் சாத்தினார். "தேத்தண்ணி குடிச்சியோ?" என்று கேட்டார்.

இரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்றுவிட்டதாகத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். இடது ஓரத்தில் யாரை விட்டார் என்று நான் கேட்கவில்லை.

பிறகும் அவரைக் கண்டேன். பேக்கரியில், ஸ்ரேசனடியில். தலையசைப்பார். பந்தைப் பற்றி ஒருநாளும் கதை எடுக்கவில்லை. நான் முடிவெடுத்தவள், அந்த மரியாதை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டேன். தையல் தொழிற்சாலை. அது மூடினபிறகு முதியோர் இல்லத்தில் வேலை. இன்றும் அங்கேதான்.

அவருடைய நாட்டின் எல்லை திறந்தபிறகு ஒரு தரம் போனார். ஊர் சேர்ந்து வழியனுப்பியது, கழகத்தில் கேக் வெட்டினார்கள். எட்டாம் நாள் திரும்பி வந்துவிட்டார். அப்பா கேட்டதற்கு, "அங்கே ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை," என்று சொன்னாராம். அக்கா இருந்த வீட்டில் வேறு ஆட்களாம். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார் என்பதை ஊர்ச் சனம் அறியாது. நான் கலியாணம் கட்டி ஸ்கீவ என்ற ஊருக்குப் போய்விட்டேன், அதனால் எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். செத்த வீட்டுக்குத் தேவாலயம் கொள்ளாத சனம். பேக்கரிக்காரரின் மகன் வாசலில் நின்று யாருக்கோ அந்த மூலைக் கோலைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அந்த ஆட்டத்தின்போது பிறந்திருக்கவே மாட்டான். சொந்தக்காரருக்கென்று விட்டிருந்த முன்வாங்கில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள்.

அப்பாவும் போய் ஆறு வருடம் ஆகிறது.

போன மாசிமாதம் அம்மாவைப் பார்க்கப் போனேன். வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. என் தங்கையின் மகள் பந்து விளையாடுகிறாள். அவளுடைய ஆட்டத்தை அம்மா போனில் பார்த்தாவாம். அதைச் சொல்லிக்கொண்டு வந்தவ, கத்தியை நிறுத்தாமலே சொன்னா:

"நீயும் நல்லா விளையாடினனி. ஏனோ வெறுத்திட்டுது உனக்கு."

"எனக்கு வெறுக்கேல்லை அம்மா. நீங்கள் விடேல்லை."

அம்மா நிமிர்ந்து பார்த்தா.

"ஆர் விடேல்லை? அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு போகவெண்டு அண்டைக்கு விடியவே எழும்பி முகம் வழிச்சு வெளிக்கிட்டு நிண்டவர். நீ நித்திரையாக் கிடக்கேக்க நான்தான் வேண்டாமெண்டு சண்டைபிடிச்சனான். மேல்மாடிக்காரியும் வந்து சொல்லிப்போட்டுப் போனவ. அதுக்கு அவர், சபையில வைச்சுச் சொன்ன சொல்லு, நானும் போய்க் கரையில நிக்கிறன், ஆர் என்ன கதைக்கிறது எண்டு பாப்பம் எண்டவர். நீ எழும்பி வந்து விருப்பமில்லை எண்டு அந்தாளுக்குச் சொல்லிப்போட்டாய். டேனிஷ் எண்டாலும் அது அவருக்கு விளங்கினது."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நான் கேட்டனான், நீங்கள் ஒருக்கா அவளோட கதையுங்கோவன் எண்டு. வேண்டாமாம். பிள்ளை தன்ர வாயால வேண்டாமெண்டு சொல்லிட்டுது, இனி அதைக் கட்டாயப்படுத்தக்கூடாது எண்டவர்."

அம்மா வெண்டிக்காயைத் திரும்ப வெட்டத் தொடங்கினா. நான் மற்றக் கத்தியை எடுத்து எதிரே இருந்தேன். இரண்டு பேரும் வெட்டி முடித்தோம்.